இடது பெருவிரல்

தவமணி கொண்டுவந்தது இரண்டு தாள்.
ஒன்று, கருமாத்தூர்ப் பக்கத்து ஸ்டேஷன் பதிவேட்டின் நகல்;
கரையான் தின்ற அரைவட்டமும் சேர்ந்தே நகலாகியிருந்தது.
மற்றது லண்டனிலிருந்து.
இருபத்தெட்டு பவுண்டு கட்டினாராம்.
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"நீங்க ரேகைப் பிரிவுல இருந்தவங்களாமே."
இருந்தேன். முப்பத்தோரு வருஷம்.
பூட்டு, பீரோ, டம்ளர், உடைந்த ஜன்னல்.
கடலிலிருந்து ஒரு விரலும் என் மேசைக்கு வந்ததில்லை.

அவர் பெரியப்பா ஒச்சாத்தேவன்.
பிறந்ததே குற்றம் என்று சட்டம் சொல்லிவந்த காலம்.
இருட்டினால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும்,
படுக்குமுன் விரல் வைக்க வேண்டும்,
வெளியூர் என்றால் ராத்திரிச் சீட்டு.
மாடு பிடிக்க உசிலம்பட்டிச் சந்தைக்கு என்று
முப்பத்தாறு தை மாதம் ஒரு சீட்டு வாங்கினான்.
சீட்டில் இருந்தது ஒரே ராத்திரி.
அவன் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான்.

லண்டன் தாளில் இருப்பவன் வேறு ஆள்.
காசிம், வயது இருபத்தேழு,
கரி தள்ளுபவன், ஊர் 'மதுரா'.
வாரிசு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
ஆர்டன்வேல் என்ற சரக்குக் கப்பல், அட்லாண்டிக்,
1942 நவம்பர் ஒன்பது, டார்பிடோ.
எஞ்சின் அறையிலிருந்து எவரும் மேலே வரவில்லை.

இந்தக் காசிமை ஏன் துரத்தினீர்கள் என்றேன்.
நிலப் பத்திரத்தோடு கிடந்த மணியார்டர் துண்டைக் காட்டினார்.
பம்பாய், 1941, நாற்பது ரூபாய்,
அனுப்பியவர் காசிம்,
குறிப்பில் ஒரே சொல்: மாட்டுக்கு.

லென்ஸை வைத்தேன்.
இரண்டும் இடது பெருவிரல், இரண்டும் சுழி.
அது போதாது. ஒரு டவுன் பஸ்ஸில்
மூவரில் ஒருவருக்குச் சுழி இருக்கும்.
கீழே ஒரு வரி இரண்டாகப் பிரிந்து
சின்னத் தீவொன்றைச் சுற்றி மறுபடி சேர்கிறது.
அங்கேயும் தீவு.
குறுக்கே அரிவாள் பட்ட வடு;
இங்கே அகலமாக, அங்கே ஆறி ஒடுங்கி.
ஆறு, ஏழு, எட்டு.
பன்னிரண்டில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஸ்டேஷன் விரலில் மை அப்பிக் கிடந்தது;
யாரோ மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது.
கப்பல் விரல் லேசு, ஓரம் சுத்தம்,
தானே வைத்தது.
இதை எழுத அறிக்கையில் இடம் கிடையாது.
அறிக்கை எழுதுகிறவளும் இல்லை நான், இப்போது.

நவம்பர் ஒன்பதாம் தேதிப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டேன்.
வைத்திருந்தார்.
அன்றைக்கும் எழுதியிருந்தார்கள்: ஆஜர் இல்லை, தலைமறைவு.
பத்தாம் தேதியும்.
நாற்பத்தேழில் சட்டம் போகும்வரை
கடலடியில் கிடந்தவனை
இரவுக்கு ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு
வரவில்லை வரவில்லை என்று
கோபித்துக்கொண்டே இருந்தது பேரேடு.

"ஒரே ஆள்தான்" என்றேன்.
அவர் அழவில்லை. சில்லறை எண்ணுகிறவர் மாதிரி
விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"தலைமறைவுன்னு இருக்கே, அத அடிக்கணும்னா
யாருக்கு மனுப் போடணும்?"
எனக்குத் தெரியவில்லை.
கலெக்டருக்கா, எஸ்.பி.க்கா, கப்பல் கம்பெனிக்கா?
அந்தக் கம்பெனியும் மூழ்கிவிட்டது,
எழுபதுகளில், கடனில்.

"அங்க ஒரு கல்லுல பேர் வெட்டிருக்காம், காசிம்னு."
அதையாவது மாற்றச் சொல்லி எழுதலாமே என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிதான் பேசியது.
"வேணாம்மா. அந்தப் பேர்லதான் அவரு
ராத்திரி தூங்குனாரு."

ஆரப்பாளையத்தில் செக்கானூரணி பஸ் நாலரைக்கு,
தன் பழைய ரூட்.
அதைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.
கதவைச் சாத்தின பிறகுதான் நினைவு வந்தது,
கேட்காமல் விட்டேன்:
அந்த நாற்பது ரூபாய்க்கு
மாடு வாங்கினார்களா?